மலையேறும் பழைய வண்டியின் வெப்பக் கணக்கு

விடியும் முன்பே போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பக்கத்துத் தெருக்களில் ஜீப்புகள் வந்து நின்றுவிடும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ இடுக்கி மாவட்டத்துக்குள் நுழையும் அந்த வண்டிகள், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் ஆட்களை இறக்கிவிட்டு, மாலையில் அதே மலையில் இறங்கி வரும். ஆண்டுக்கணக்கில் இதே ஓட்டம். அவற்றில் எத்தனையோ வண்டிகள் இரண்டு, மூன்று கை மாறியவை. மீட்டர் எப்போதோ நின்றுபோனவையும் உண்டு.

விடுமுறை நாட்களில் அதே சாலையில் இன்னொரு காட்சி கிடைக்கும். ஷோரூமிலிருந்து வந்து சில மாதங்களே ஆன கார் ஒன்று, கொண்டையூசி வளைவோரம் பானெட்டைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டிருக்கும். பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு குடும்பமே நிற்கும். பழைய ஜீப் அதைத் தாண்டி ஏறிப்போகும்.

பழசு ஏறுகிறது, புதுசு நிற்கிறது. இது எப்படி?

பாலக்காடு, கோவை, தேனிப் பக்கம் பழைய பெரிய எஞ்சின் வண்டி தேடுகிறவர்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி இல்லை. தோட்டத்துக்கு மருந்துத் தொட்டியையோ ஜெனரேட்டரையோ டிரெய்லரில் இழுத்துப்போக வேண்டும். புது வண்டிக்குப் பணம் இல்லை. இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய 3 லிட்டர் ஃபார்ச்சூனரோ, சஃபாரியோ, பொலேரோவோ கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. வாங்கலாமா? எல்லோரும் முதலில் குனிந்து பார்ப்பது கிலோமீட்டர் மீட்டரைத்தான். ஆனால் மலையில் சுமை இழுத்த வண்டியின் உண்மையான வயது வேறொரு கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது: அதற்குள் எவ்வளவு வெப்பம் பிறந்தது, அது எந்த வழியாக வெளியேறியது என்ற கணக்கில்.

மீட்டர் எண்ணுவது சக்கரத்தை

கிலோமீட்டர் மீட்டர் சக்கரம் சுழன்றதை எண்ணுகிறது. எஞ்சின் சுழன்றது அதற்குத் தெரியாது.

இந்தியாவில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸின் உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் தயாரித்த சிஜே-3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். இந்த மலைகளில் பின்னால் வந்த மேஜர், கமாண்டர் எல்லாவற்றுக்கும் அதுதான் மூதாதை. அதன் பின் அச்சில் உள்ள கிரவுன்-பினியன் பற்சக்கரங்கள் சுழற்சியை 5.38 மடங்கு குறைக்கும். டாப் கியரில், எஞ்சின் 5.38 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். முதல் கியர் இதை இன்னும் 2.8 மடங்கு குறைக்கும். நான்கு சக்கர இழுவைக்கான பெட்டியில் ‘லோ’ போட்டால் மேலும் 2.46 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37 வருகிறது. அதாவது, லோ முதல் கியரில் எஞ்சின் 37 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும்.

இந்தக் குறைப்பு வீண் அல்ல. சுழற்சி 37 மடங்கு குறையும்போது, அச்சைத் திருகும் விசை, அதாவது முறுக்குவிசை, உராய்வில் போவது போக அதே அளவு பெருகுகிறது. அந்த எளிய எஞ்சின் பாறைப் படியில் ஏறுவது இப்படித்தான்.

இதற்கு ஒரு விலை உண்டு. நெடுஞ்சாலையில் டாப் கியரில் ஒரு கிலோமீட்டர் போக அந்த எஞ்சின் சுமார் 2,400 சுற்றுச் சுற்றுகிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் லோ முதல் கியரில் அதே ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 16,000 சுற்று. ஏறக்குறைய ஏழு மடங்கு. மீட்டரில் இரண்டுமே ஒன்றுதான்.

எனவே வாளையாறு வழியாகக் கோவைக்கும் திருச்சூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் போய்வந்து மூன்று லட்சம் காட்டும் வண்டி, தோட்டப் பாதைகளிலேயே கிடந்து ஒரு லட்சம் காட்டும் வண்டியைவிட இளமையாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. விற்கிறவரிடம் எவ்வளவு ஓடியது என்பதோடு எங்கே ஓடியது என்றும் கேட்டாக வேண்டும். கிலோமீட்டரை ஒழுங்காக மதிக்கும் பாகங்களும் இல்லாமல் இல்லை. பழைய 3 லிட்டர் ஃபார்ச்சூனரின் டைமிங் பெல்ட்டை ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் அளவில் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வது நல்லது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பதின்மூன்று குதிரைத்திறன்

போடியிலிருந்து கொச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 85, அடிவாரத்து முந்தலைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டையூசி வளைவுகள். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் சாலை ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர்ந்து, 1,400 மீட்டரை நெருங்கும் போடிமெட்டில் கேரள எல்லையைத் தொடுகிறது. சராசரியாக 20 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏற்றம்.

ஆளும் சுமையுமாக 2,000 கிலோ எடையுள்ள ஒரு ஜீப் இதில் ஏறட்டும். வண்டி 1,400 கிலோ, ஆட்கள் எட்டுப் பேர், கொஞ்சம் மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். சரிவு அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை, எடையில் இருபதில் ஒரு பங்கு: 100 கிலோ. டயர் நசுங்கி உருளும் எதிர்ப்பு இன்னொரு 35 கிலோ. இந்த 135 கிலோவை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிக்கொண்டு போக எவ்வளவு திறன் வேண்டும்? கியர் பெட்டியிலும் அச்சிலும் உராய்வில் போவதையும் சேர்த்தால் சுமார் 10 கிலோவாட், அதாவது 13 அல்லது 14 குதிரைத்திறன்.

அவ்வளவுதான். இன்று விற்கும் மிகச் சிறிய காரில்கூட இதைப்போலப் பல மடங்கு உண்டு. வளைவுகளில் சரிவு கூடும், முந்துவதற்கு அதிகம் தேவைப்படும் என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் ஆவி விட்டுக்கொண்டு நின்ற புதுக் காருக்குத் திறன் போதாமல் போகவில்லை. அது வேறு எதிலோ தோற்றிருக்கிறது.

பெரிய எஞ்சினின் பயன் இங்கேதான் விளங்கும். இதே 13 குதிரைத்திறனை 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் நிதானமாக, குறைந்த சுழற்சியில் தந்துவிடும். மஹிந்திராவின் 2,523 சிசி எஞ்சின் அப்படிப்பட்டது. சிறிய எஞ்சின் அதையே வேகமாகச் சுழன்று, மூச்சு வாங்கித் தர வேண்டும். பின்னால் டிரெய்லரும் சேர்ந்தால் இந்த வித்தியாசம் பெரிதாகிவிடும்.

இருபது குடம்

இனிக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். ஆற்றலை ஜூலில் சொன்னால் மனதில் நிற்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரைக்கு மட்டும் ஓர் அளவை வைத்துக்கொள்ளலாம். பதினைந்து லிட்டர் பிடிக்கும் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பம்: ஒரு கொதிகுடம். மின்சாரத்தில் சொன்னால் சுமார் 1.3 யூனிட்.

2,000 கிலோ எடையை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க நான்கு கொதிகுடத்துக்குச் சற்று மேல் வேண்டும். டயர்கள் உருள்வதற்கு ஒன்றரை. கியர், அச்சு உராய்வுக்கு அரை. ஆக எஞ்சின் தன் தண்டில் தர வேண்டியது ஆறு கொதிகுடம் என்று வையுங்கள்.

ஆனால் டீசலிலிருந்து ஆறை எடுக்க ஆறு மட்டும் கொடுத்தால் போதாது. பழைய டீசல் எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் பத்தில் மூன்று பங்கைத்தான் சுழற்சியாக்கும். அதனால் இருபது கொதிகுடத்துக்கு டீசல் எரிக்க வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏழரைக் கொதிகுடம் இருக்கிறது. எனவே இந்த ஏற்றத்துக்குச் சுமார் 2.7 லிட்டர் செலவாகும். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் சொச்சம். சுமையோடு மலையேறும் ஜீப்புக்கு ஏற்ற கணக்குத்தான்.

மிச்சம் பதினான்கு கொதிகுடம் எங்கே? அதில் பாதி புகைக்குழாய் வழியே சுடச்சுட வெளியேறுகிறது. மறு பாதி, ஏழு குடம், எஞ்சினின் இரும்புக்குள் இறங்குகிறது. முக்கால் மணி நேரத்துக்குள் அந்த ஏழு குடத்தையும் ரேடியேட்டரும் எஞ்சின் ஆயிலும் சேர்ந்து காற்றில் கொட்டியாக வேண்டும். கொட்ட முடியாமல் நின்றால் ஹெட் வளையும், கேஸ்கட் வெடிக்கும், பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும்.

சமவெளியில் இதே வெப்பத்தைக் கொட்டுவது எளிது. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும்போது காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் பாய்கிறது. மலையில் வேகம் இருபது, இருபத்தைந்துதான். எரிவது அதிகம், வீசும் காற்று குறைவு. ஃபேனை நம்பித்தான் எஞ்சின் உயிர் பிழைக்கிறது. பாலக்காட்டில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் போத்துண்டி அணையைக் கடந்து நெல்லியாம்பதிக்கு ஏறத் தொடங்கும் வண்டிக்கு இன்னொரு சிரமமும் சேர்ந்துகொள்ளும். ரேடியேட்டர் தண்ணீர் 95 டிகிரி என்றால், 25 டிகிரிக் குளிர்க் காற்றோடு இடைவெளி 70. 40 டிகிரிக் காற்றோடு 55 மட்டுமே. வெப்பம் வெளியேறும் வேகம் இந்த இடைவெளியைப் பொறுத்தது. ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடுகிறது.

தினமும் ஏறும் ஜீப் ஓட்டுநருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் சரியான கியரை முன்கூட்டியே போடுகிறார். எஞ்சினைத் திணற விடுவதில்லை. ஃபேன் பெல்ட்டைக் காலையில் விரலால் அழுத்திப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஏறும் கார் ஏசி முழுவேகத்தில் ஓட, உயர்ந்த கியரில் முக்கிக்கொண்டு, முன்னால் போகும் லாரிக்குப் பின்னால் நின்று நின்று ஏறுகிறது. ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, உள்ளே நுழையும் காற்றை முதலிலேயே சூடாக்கிவிடுகிறது.

ஒரு மூடி, ஒரு வால்வு, கொஞ்சம் தண்ணீர்

பழைய வண்டியின் குளிர்ப்பு முறையில் மிக மலிவான பாகம் ரேடியேட்டர் மூடி. அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுவே.

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். போடிமெட்டில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொழுக்குமலை உயரத்தில் இன்னும் இரண்டு, மூன்று டிகிரி குறைவு. இறுக்கமாக மூடப்பட்ட ரேடியேட்டருக்குள் இது நடப்பதில்லை. மூடியிலுள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. வளிமண்டல அழுத்தத்தை நெருங்கும் அளவுக்குக் கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி, கொதிநிலையை இருபது டிகிரி வரை மேலே தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்து, ரப்பர் காய்ந்துபோன மூடியோ அந்த இருபது டிகிரியையும் தாரை வார்த்துவிடும். சமவெளியில் இந்தக் குறை வெளியே தெரியாது. மேட்டில் ஏறும்போதுதான் ஆவியாக வெளிவரும்.

அடுத்தது தண்ணீர். பாலக்காட்டுச் சித்தூர், போடிப் பக்கங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். அதை ஊற்றி ஊற்றி ஓட்டிய எஞ்சினுக்குள், சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளில் வெள்ளைப் படிவு கட்டும். அந்தப் படிவு இரும்பைவிட இருபது, முப்பது மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய ஏடுதான், ஆனால் சிலிண்டருக்குப் போர்வை போர்த்தியதற்குச் சமம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து (எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு மட்டும்) விரலை விட்டுப் பார்த்தால் வண்டியின் பழைய முதலாளி எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். துருக்கலங்கல் வந்தால் அவர் கூலன்ட் ஊற்றாதவர். எண்ணெய்ப் படலம் மிதந்தால் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.

சூடு தாங்காமல் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டும் வழக்கமும் மலையடிவாரப் பட்டறைகளில் உண்டு. இது தவறான வைத்தியம். விடியற்காலைக் குளிரில் எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். சூடேறாத எஞ்சினில் எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலோடு கலந்து, ரிங்குகளைத் தேய்க்கும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்வதுதான் சரியான வேலை.

ஆயிலைப் பற்றி ஒரு சொல். எஞ்சின் ஆயில் வெப்பத்தில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுகிறது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதனால்தான் வண்டிக் கையேடுகள் சுமை இழுத்தல், மலைச்சாலை, தூசுப் பாதை ஆகியவற்றைக் கடினமான பயன்பாடு என்று தனியாகப் பிரித்து, சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

மெல்லிய காற்று, கரும்புகை

போடியைவிடப் போடிமெட்டில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் ஒவ்வொரு மூச்சிலும் அந்த அளவு ஆக்சிஜனை இழக்கிறது. பம்ப் தரும் டீசல் மட்டும் குறையவில்லை. எரிந்து தீராத கரி, கரும்புகையாக வெளியேறும். புகையின் சூடும் ஏறும். ஓட்டுநர் காலைச் சற்றுத் தளர்த்தினால் திறன் பெரிதாகக் குறையாது, புகை மட்டும் அடங்கும்.

டர்போ உள்ள வண்டிக்கு இந்தச் சிரமம் குறைவு. காற்றை அழுத்திக் கொடுத்து உயரத்தின் இழப்பை அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் டர்போவின் அச்சு சுடும் புகையால் சுழல்கிறது, எஞ்சின் ஆயிலில் மிதக்கிறது. ஏறி முடித்ததும் படக்கென்று எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று, அச்சில் தங்கியது கருகிக் கட்டியாகும். உச்சியில் நிறுத்திய பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் ஓடவிடுவது போதும்.

இறங்கும்போது நான்கு குடம் திரும்பி வருகிறது

ஏற்றத்தில் தூக்கி வைத்த நான்கு கொதிகுடம் எங்கும் போய்விடவில்லை. வண்டியின் உயரத்தில் அது பத்திரமாக இருக்கிறது. இறங்கும்போது அத்தனையும் திரும்பி வரும்.

மூணாறு தேயிலை ஒரு காலத்தில் ஜீப்பிலோ லாரியிலோ இறங்கவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதை டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவர, அங்கிருந்து கம்பிவழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறக்கி, போடிக்கு அனுப்பினார்கள். 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்துவிட்டது. கம்பிவழியில் ஒரு நன்மை உண்டு: இறங்கும் சுமை, எதிர்ப்பக்கம் ஏறும் சுமையை இழுக்க உதவும். சாலையில் தனியாக இறங்கும் வண்டிக்கு அப்படிக் கைமாற்றிக்கொள்ள ஆளில்லை. தன் நான்கு குடத்தையும் அதுவே வெப்பமாக்கித் தீர்க்க வேண்டும்.

டயர் உருளும் எதிர்ப்பு ஒன்றரைக் குடத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டரை. அதை எடுத்துக்கொள்ள இரண்டே இடங்கள் உள்ளன: ஒன்று பிரேக், இன்னொன்று எஞ்சின்.

முழுவதும் பிரேக்குக்கே போகட்டும். நான்கு சக்கரத்து டிரம், டிஸ்க் இரும்பையெல்லாம் சேர்த்து 40 கிலோ என்று வைத்தால், காற்று சற்றும் குளிர்விக்காத நிலையில் அந்த இரும்பு கிட்டத்தட்ட 600 டிகிரி சூடேறும். காற்று குளிர்விக்கத்தான் செய்கிறது. ஆனாலும் சில நூறு டிகிரியை எட்டுவது சாதாரணம். முந்தல் சோதனைச் சாவடியருகே நிற்கும் வண்டிகளிடமிருந்து வரும் கருகல் வாடை அதுதான்.

அந்தச் சூட்டில் மூன்று கேடுகள் வரிசையாக வரும். டிரம் விரிந்து லைனரை விட்டு விலகும். மிதி இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். லைனரிலுள்ள பிசின் கருகி ஆவியாகி, பிடிப்பு வழுக்கும். மூன்றாவதுதான் உயிருக்கு உலை வைப்பது: பிரேக் ஆயில் கொதிப்பது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதித்துள்ள குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு அவை 230, 155. இடுக்கியின் மழையில் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் கிடந்த ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரை வரை போகும், சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேராது. அடிவாரத்தில் ஓர் அரை மணி நேரம் நின்று ஆறிய பிறகு அதே பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும். பட்டறையில் காட்டினால் குறையொன்றும் தெரியாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டயர் விலையில் சிறு பகுதிதான். பழைய வண்டி வாங்குகிறவர் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பதன் பொருள், அந்த இரண்டரைக் குடத்தை எஞ்சினிடம் ஒப்படை என்பதுதான். கால் எடுத்ததும் டீசல் பம்ப் எரிபொருளை நிறுத்திவிடும். அப்போது சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. பிஸ்டனும் பேரிங்கும் ஆயிலும் உரசி உண்டாகும் வெப்பத்தை ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். ஏறும்போது ஏழு குடம் கொட்டிய அதற்கு இது சிறு வேலை. ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் தடுப்பு பொதுவாக இல்லை என்பதால், பெட்ரோல் எஞ்சின் அளவுக்கு அது வண்டியைப் பிடித்து இழுக்காது. அழுத்திய காற்று விரியும்போது பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. ஆகவே கியரைக் குறைத்து எஞ்சினை வேகமாகச் சுழல விட்டால்தான் உராய்வு கூடி, பிடிப்புக் கிடைக்கும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இந்த வழியை முற்றாக மூடிக்கொள்கிறார்கள். எஞ்சினையே அணைத்து உருட்டுவது அதைவிடக் கொடியது. பிரேக்குக்கு உதவும் வெற்றிட பம்ப் எஞ்சினோடு சுழல்வது. அது நின்றால் இரண்டு, மூன்று மிதியில் சேமிப்புத் தீர்ந்து பிரேக் கல்லாகிவிடும். கீழ்நோக்கிக் கியரில் இறங்கும்போது டீசல் எப்படியும் செலவாவதில்லை என்பதால் மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

மின்வண்டிகள் இந்த இரண்டரைக் குடத்தில் பெரும்பகுதியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். ஏலத்தோட்ட ஜீப்புகளுக்கு அந்த நாள் வந்தால், மாலை இறக்கம் மறுநாள் காலை ஏற்றத்துக்குக் கொஞ்சம் கடன் கொடுக்கும்.

பின்னால் டிரெய்லர்

மேலே சொன்ன கணக்கு முழுவதும் 2,000 கிலோவுக்கு. ஒரு டன் எடையுள்ள டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினால் எல்லா எண்ணும் ஒன்றரை மடங்காகும்: டீசல், ரேடியேட்டர் வெப்பம், இறக்கத்தில் திரும்பி வரும் குடங்கள். ஆனால் வண்டியின் பிரேக் இரும்பு அதே 40 கிலோதான். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இறக்கத்தில் அத்தனையும் இழுக்கும் வண்டியின் தலையில்தான் விழும். அதனால் மலையில் பாரம் இழுக்கிறவர் எஞ்சின் பெரிதா என்று பார்ப்பதற்கு முன் டிரெய்லரில் பிரேக் உண்டா என்று பார்க்க வேண்டும்.

டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியை அழுத்தும்படி சுமையை அடுக்குவது வழக்கம். பின்பக்கம் பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். முன்பக்கம் மிகக் கூடினால் இழுக்கும் வண்டியின் முன்சக்கரங்கள் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும்.

கிளட்சையும் மறக்கக்கூடாது. வளைவில் நின்ற வண்டியைப் பாரத்தோடு மீண்டும் கிளப்பும்போது, பிளேட் வழுக்கும் ஒவ்வொரு நொடியும் எஞ்சினின் திறன் அந்த மெல்லிய தகட்டில் வெப்பமாகிறது. அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர் ஒரே பருவத்தில் பிளேட்டைத் தீர்த்துவிடுவார். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, லோவில் கிளம்புவதே மலையின் முறை. இருக்கும் நான்கு சக்கர இழுவைப் பெட்டியை அவ்வப்போது போட்டு ஓட்டினால்தான் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யும்.

வாங்கும் முன் வெப்பத்தின் தடம்

இப்போது அந்த இரண்டரை லட்சம் கிலோமீட்டர் வண்டியிடம் திரும்பலாம். மீட்டரை விட்டுவிட்டு, வெப்பம் விட்டுச்சென்ற தடங்களைத் தேட வேண்டும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குப்குப்பென்று வருகிறதா? தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி எரிவாயு கீழே இறங்குகிறது. பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். லேசாக இருந்தால் விலையில் பேசலாம். பலமாக இருந்தால் ரீபோர் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பின் அச்சின் ஹவுசிங்கிலிருந்து கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்கலாம். கருத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் அந்த அச்சு தாங்காத பாரம் இழுத்திருக்கிறது. மினுங்கும் இரும்புத் துகள் தெரிந்தால் கிரவுன்-பினியன் தேய்கிறது. பிரேக் டிரம்மைக் கழற்றினால் உட்சுவரில் நீலத் திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் இருக்கக்கூடும். பலமுறை அளவுமீறிச் சூடேறியதன் சான்று அவை. லைனரை மாற்றினால் போதாது, டிரம்மையே மாற்ற வேண்டும்.

கடைசிச் சோதனையை மலையில்தான் நடத்த வேண்டும். விற்கிறவர் சம்மதித்தால், சுமையேற்றி, நெல்லியாம்பதிச் சாலையிலோ போடிமெட்டுச் சாலையிலோ அரை மணி நேரம் ஏறி இறங்கலாம். ஏறும்போது வெப்பமுள் நடுவிலேயே நிற்கிறதா, வண்டி நின்ற பிறகு மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியதும், சில நூறு ரூபாயிலேயே கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் நான்கு ஹப்புகளையும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். முன் இரண்டும் பின் இரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. முன்பக்கம்தான் அதிகம் பிரேக் பிடிக்கிறது. ஆனால் ஒரே அச்சின் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று முப்பது, நாற்பது டிகிரி கூடியிருந்தால் அங்கே பிரேக் விடாமல் உரசுகிறது, அல்லது பேரிங் இறுகியிருக்கிறது. சக்கரம் ஆறியதும் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு விலையைப் பேசத் தொடங்கலாம்.